ஐவரி ஃபியட்டின் இடது கதவு

கதவுக்கு இன்னும் ஒரு தடவை தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் மத்தியானம் வரைக்கும் கைக்கு வேலை இருக்கும், கைக்கு வேலை இருந்தால் தலை சும்மா கிடக்கும் என்று நினைத்துத்தான் ஷெட்டைத் திறந்ததும் பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன். அப்படி அடங்குகிற தலையா இது? கை பாட்டுக்குத் தேய்க்கிறது, தலை பாட்டுக்கு வீட்டுக்குப் போய் அடுப்படி ஜன்னல் பக்கத்தில் நின்றுகொள்கிறது. காலையில் அந்த ஜன்னல் பக்கத்தில்தான் வசந்தாமணி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். எதற்கோ கூப்பிட்டேன், திரும்பினாள், வெயில் நேராக முகத்தில் விழுந்தது. அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. என்ன அப்படிப் பார்க்கறீங்க என்றாள். ஒன்றுமில்லை என்றேன். காபியைக் குடித்தேனா வைத்துவிட்டு வந்தேனா என்று நினைவில்லை, மத்தியானச் சோற்றை எடுக்காமல் வந்தது மட்டும் இங்கே வந்தபிறகுதான் தெரிந்தது. கட்டிய மனைவியின் முகத்தை இன்னொரு தடவை பார்க்கப் பயந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தவன் நான். இத்தனைக்கும் நிறம் பார்ப்பதுதான் பிழைப்பு. வேறு யாராவது கண் மஞ்சளாக இருக்கிறது என்றால் வெளிச்சம் அப்படி, சுவர் அப்படி என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாம். நான் பார்த்தேன் என்றால் பார்த்ததுதான். அப்படி அடித்துச் சொல்லவும் இப்போது வாய் வரவில்லை. போன தீபாவளிக்கு முன்னால் ஒரு வெள்ளை அம்பாசிடருக்கு பானெட் அடித்துக் கொடுத்தேன், வண்டி வெயிலுக்குப் போனதும் பால் வண்டிக்கு நெய் மூடி போட்ட மாதிரி நின்றது. பக்கத்து ஷெட் டிங்கர் ஸ்டீபன்தான் முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னுங்ணா கண்ணுல ஏதாவது பிரச்சினையா என்றான். இரண்டு கண்ணிலும் புரை. இத்தனை வருஷமாக நான் வெள்ளை என்று பார்த்ததெல்லாம் பழுப்பு. வலது கண்ணைப் போன மாதம் கிழித்துப் புது லென்ஸ் வைத்துவிட்டார்கள், இடது கண்ணுக்கு வருகிற வியாழக்கிழமை. இப்போது வலதில் உலகம் சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டியாகத் தெரிகிறது, இடதில் அதே வேட்டி டீ கொட்டித் தெரிகிறது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் ஒரே ஷெட் இரண்டு ஷெட்டாகிறது. காலையில் பார்த்தது எந்தக் கண்ணில்? இரண்டும் திறந்துதான் இருந்தன.

பேப்பரை நனைத்து மறுபடியும் தேய்க்கிறேன். உக்கடம் பழைய இரும்புக் கடையில் இந்த ஃபியட்டுக்காக எடுத்த கதவு இது. வாங்கும்போது மெரூன், உரிக்க உரிக்க உள்ளே ஒரு நீலம், அதற்கும் உள்ளே டாக்ஸிக்காரன் கறுப்பு. எத்தனை பேர் கையில் ஏறி இறங்கிய கதவோ, கடைசியில் தகடு வெளியே வந்தபோது கீழ்விளிம்பில் துரு உள்ளேயே இருந்து தின்றிருந்தது. மேலே பளபளவென்று இருந்த மெரூனில் ஒரு கொப்புளம்கூட இல்லை, விரலால் தட்டிப் பார்த்தபோதும் தெரியவில்லை, பெயிண்டை எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஸ்டீபன் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு வேறு தகடு வைத்து ஒட்டினான், நான் பட்டி பார்த்தேன், பிரைமர் அடித்தேன். வெட்டி எறிந்துவிட்டு வேறு வைக்கலாம் என்பதுதான் கதவில் இருக்கும் ஒரே நிம்மதி. கண்ணுக்குக் கட்டுப் பிரித்தபோது நர்ஸ் பெண் என்ன சொன்னாள்? கொஞ்ச நாளைக்கு நீலமாகத் தெரியும் தாத்தா, பழகிவிடும் என்றாள். தாத்தாவாம். சரி, அப்படியானால் புதுக்கண் ஏமாற்றுகிறது, அதில் தெரிவதை நம்ப வேண்டியதில்லை, அவ்வளவுதானே விஷயம். இல்லை. அங்கேதான் இடறுகிறது. நீலத்தைக் கூட்டுகிற கண்ணில் மஞ்சள் குறைந்துதானே தெரிய வேண்டும்? ஐவரியில் ஒரு சொட்டு நீலம் விழுந்தால் மஞ்சள் செத்துப்போகும், எனக்குத் தெரியாதா? நீலக் கண்ணுக்கே அவ்வளவு மஞ்சள் தெரிந்தது என்றால் உண்மையில் எவ்வளவு இருக்கும்? வேண்டாம், அந்தக் கணக்கு வேண்டாம். நேற்று வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை அவள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பவள், கழுத்தெல்லாம் மறுநாள் வரைக்கும் மஞ்சளாகத்தான் இருக்கும், புடவைத் தலைப்பில்கூட ஒட்டியிருக்கும். அது சரிதான். முகத்துக்கு மஞ்சள் பூசலாம், கழுத்துக்குப் பூசலாம், கண்ணுக்குள்ளே யார் பூசிக்கொள்கிறார்கள்.

அவள் அண்ணன் குழந்தைவேலுவுக்கும் வலி ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. சாப்பாடு பிடிக்கவில்லை என்றார், உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார், கண் மஞ்சளாயிற்று. மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தால் போய்விடும் என்று ஆளாளுக்குச் சொன்னோம், நானும்தான் சொன்னேன். ஒன்றரை மாதம் கீழாநெல்லி குடித்தார். அப்புறம் ஸ்கேன் எடுத்தால் கணையத்துக்குப் பக்கத்தில் கட்டி. முன்னாடியே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை வராண்டாவில் நின்று நானும் வசந்தாவும்தான் கேட்டோம். அந்தப் பொங்கலுக்கு அவர் இல்லை. வசந்தா அழவே இல்லை, எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள், எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஏன் இப்போது குழந்தைவேலு? ஒரு கண், ஒரு ஜன்னல், ஒரு நொடி வெயில். அதற்குள் சுடுகாடு வரைக்கும் போயாயிற்று. எனக்கு எப்போதும் இப்படித்தான், பட்டியில் ஒரு முடி அளவு கீறல் தெரிந்தாலே வண்டி முழுக்க உரிந்து விழுவதாகக் கனவு வரும். ஆனால் அவள் ராத்திரியெல்லாம் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாளே. புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். தட்டில் ஒரு கை சோற்றை வைத்துக்கொண்டு அதையே பிசைகிறாளே. பித்தம் என்றாள். அன்றைக்கு அம்மியில் பச்சையாக ஏதோ அரைத்த கறை இருந்தது, என்ன புள்ள என்று கேட்டேன், பொதினா என்றாள். அன்றைக்குச் சட்னி எதுவும் இல்லை. தோசைக்கு மிளகாய்ப்பொடிதான் வைத்தாள். இது ஏன் இப்போதுதான் ஞாபகம் வருகிறது? கை நின்றுவிட்டிருக்கிறது. பிரைமரில் ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து தகடு வெளியே தெரிகிறது, காசு அளவுக்கு. போச்சு. இனி அந்த இடத்துக்கு மறுபடியும் பிரைமர் தொட்டு, காய்ந்து, மறுபடியும் தேய்க்க வேண்டும்.

போன் அடிக்கிறது. கோவர்த்தனன், வண்டிக்குச் சொந்தக்காரர். அவருடைய அப்பா வாங்கிய ஃபியட். நாளைக்குப் பழைய கார் ஊர்வலம், அதில் இதை ஓட்டிப்போக வேண்டும் அவருக்கு, பேரன்களுக்கு ஒரே மாதிரி சட்டைகூடத் தைத்து வைத்திருக்கிறார்.

"நாச்சிமுத்து, கதவு அடிச்சாச்சுங்களா?"

"அடிச்சுட்டே இருக்கறனுங்க. சாயங்காலம் மாட்டிரலாம்."

"கலர் சேர்ந்துருச்சா? எங்கப்பா இருந்த வரைக்கும் அந்த ஐவரி மேல ஒரு கீறல் விழ விட்டதில்ல, பார்த்துக்குங்க."

"கலரு இன்னும் சேரலீங்க. சேர்ந்தா சொல்றேன்."

தேதி விஷயத்தில் நான் அள்ளிவிடுவேன், எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு என்றால் அடுத்த வாரம், சாயங்காலம் என்றால் நாளை மறுநாள். ஆனால் நிறத்தில் பொய் சொன்னதில்லை. சேரவில்லை என்றால் சேரவில்லை என்று ஆள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அம்பாசிடர்காரனிடம்கூட நான் சேர்ந்தது என்றுதான் நம்பிச் சொன்னேன், அது பொய்யில் சேராது, கண் செய்த வேலை.

தகடு தெரிந்த இடத்துக்குப் பிரைமர் தொட்டுவிட்டு, காய்கிற நேரத்தில் நிறம் கலக்க உட்கார்ந்தேன். ஐவரி என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டப்பா நிறைய வெள்ளை, அதில் மஞ்சள், ஒரு துளி கறுப்பு, சிவப்பைக் குச்சி நுனியால் தொட்டுக் காட்டினால் போதும். ஆனால் டப்பாவைப் பார்த்து நிறம் சொல்லக்கூடாது, ஈரத்தில் ஒன்று, காய்ந்தால் ஒன்று. அதனால் உள்ளங்கை அகலத் தகரத் துண்டுகள் வெட்டி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றின் நடுவிலும் பட்டன் அளவுக்கு ஓர் ஓட்டை. தகரத்தில் அடித்துக் காயவைத்து வண்டியின் மேல் வைத்து வெயிலில் பார்க்க வேண்டும். நிறம் சேரவில்லை என்றால் ஓட்டை ஓட்டையாகவே தெரியும். சேர்ந்துவிட்டால் ஓட்டை காணாமல் போய்விடும், தகரம் முழுத் தகரமாகிவிடும். அந்த நொடி எனக்குப் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். வண்டியின் வலது கதவை பாலிஷ் காம்பவுண்டு போட்டுத் தேய்த்துப் பழைய ஐவரியை வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறேன், அதுதான் அளவு. முதல் தகரத்தைக் கொண்டுபோய் வைத்தேன். வழக்கம்போல இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு அப்புறம் இடது கண்ணை மூடினேன், பழைய கண்ணை நம்பினால் எல்லா ஓட்டையும் காணாமல் போகும். ஓட்டை தெரிந்தது. தகரம் மஞ்சள் கூடி நின்றது, ஓட்டைக்குள் வண்டி வெளுப்பாகத் தெரிந்தது. கை ஓடிவிட்டது போல. வெள்ளை சேர்த்தேன், கலக்கினேன், இரண்டாவது தகரம். அதே மஞ்சள். எப்படி? வெள்ளை சேர்த்த ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு மஞ்சளையும் தொட்டேனா? தொட்டிருப்பேன், இல்லாவிட்டால் எங்கிருந்து வரும். டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு வேறு டப்பாவில் முதலிலிருந்து கலக்கினேன். மூன்றாவது தகரம். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் நகர்த்தி வைத்தால் ஒன்றின் ஓட்டையில் மற்றது தெரியவே இல்லை, மூன்றும் ஒரு வயிற்றில் பிறந்தவை. வண்டி மட்டும் ஒதுங்கி நிற்கிறது.

ஸ்டீபன் சுத்தியலோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னுங்ணா, இவ்வளவு மஞ்சளா? இது வேற எந்த வண்டிக்கோ சேர்த்த மாதிரில்ல இருக்குது."

"வெய்யில்ல அப்படித் தெரியுது. போய் உன் வேலையைப் பாரு."

"எனக்கென்னுங்ணா. அந்தக் கண்ணையும் முடிச்சுட்டு வந்து அடிங்க, கோவர்த்தனன் சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

போய்விட்டான். நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் சொன்னது எங்கோ போய்ச் சிக்கிக்கொண்டது. வேறு வண்டிக்கு. வேறு எந்த வண்டி? ஷெட்டில் இருப்பது இந்த ஒரு வண்டிதான். கை எதை நினைத்துக் கலக்குகிறது? மூன்று தடவை தப்பினால் மூன்று விதமாகத் தப்ப வேண்டும், ஒரே இடத்தில் போய் விழக்கூடாது. ஒரே இடத்தில் விழுகிறது என்றால் அது குறி பார்த்து எறிந்த கல். இந்த நினைப்பு பிடிக்கவில்லை எனக்கு. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்றைக்கு நினைப்பு போயிற்று. பஞ்சை எடுத்ததும் முதலில் தெரிந்தது நர்ஸின் வெள்ளைக் கோட்டு, ஐயோ என்று கண் கூசியது, இவ்வளவு வெள்ளை உலகத்தில் இருக்கிறதா என்று இருந்தது. வசந்தாவைத் தேடினேன். வலது பக்கம் நின்றவள் எனக்கு இடது பக்கமாகச் சுற்றி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் நல்லாத் தெரியுதுங்களா என்று கேட்டாள். சந்தோஷமாகக் கேட்ட மாதிரி இல்லை என்று அப்போதே தோன்றியது, நம் காதில்தான் கோளாறு என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு இடது பக்கத்திலேயே நிற்கிறாள். சோறு போடுவது இடது பக்கம், படுக்கையை மாற்றிப் போட்டு இடது பக்கம் படுத்துக்கொள்கிறாள், கோயிலில் எனக்கு இடது பக்கம். வலது கண்ணில் முழங்கை பட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கிறாள், நமக்கு எங்கிருந்து கிடைத்தாள் இப்படி ஒருத்தி என்று உருகிப்போனேன். இன்றைக்குக் காலையில் ஜன்னல் பக்கம் திரும்பியபோது மட்டும்தான் ஏமாந்துவிட்டாள். ஏமாந்துவிட்டாள் என்று ஏன் நினைக்கிறேன்? மறைக்கிறவள்தானே ஏமாறுவாள். தின்னர் வாடை தலைக்கு ஏறியிருக்கும். எழுந்து வெளியே வந்து நின்றேன்.

ரோட்டு முனையில் அவள் வருவது தெரிந்தது. கையில் சோற்றுத் தூக்குப்போசி. இவ்வளவு மெதுவாக நடப்பவள் இல்லை. முன்னெல்லாம் அவளோடு கடைவீதிக்குப் போனால் நான்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். பெட்டிக்கடை நிழலில் ஒரு தடவை நின்றாள், தூக்குப்போசியைக் கை மாற்றிக்கொண்டாள், மறுபடியும் நடந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் நான் உள்ளே போய்விடலாம், இருட்டில் உட்கார்ந்து சோற்றைத் தின்றுவிட்டு ரொம்ப வேலை என்று அனுப்பிவிடலாம். இன்னும் ஒரு நாள் தெரியாமலே இருக்கலாம். வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லாத வரைக்கும் அது வெறும் வெளிச்சம்தான். ஒன்றரை மாதமும் குழந்தைவேலு வீட்டில் இப்படித்தான் ஒவ்வொரு நாளாகத் தள்ளினார்கள். கால் நகரவில்லை எனக்கு. மூன்றாவது தகரம் இன்னும் கையில் இருந்தது.

"ஏனுங்க, சோத்தை வெச்சுட்டு வந்துட்டீங்க. நெனப்பெல்லாம் எங்க இருக்குது?" வந்ததும் எனக்கு இடது பக்கமாகத்தான் நின்றாள்.

"வசந்தா, அப்படியே நில்லு. அக்கட்ட ரோட்டைப் பாரு."

"எதுக்குங்க?"

"பாரு, சொல்றேன்."

ரோட்டைப் பார்த்தாள். கறுப்பு ஒதுங்கிக் கண்ணின் வெள்ளை விரிந்தது. தகரத்தை அவள் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

"என்னுங்க இது, எம் மொகத்துக்கும் பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

முதலில் வலது கண்ணை மூடிக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தேன். ஓட்டை தெரியவில்லை. அது கிடக்கட்டும், அந்தக் கண்ணுக்கு எதுதான் தெரிந்தது. அப்புறம் அதை மூடிவிட்டுப் புதுக்கண்ணைத் திறந்தேன். ஓட்டை இல்லை. எங்கே இருந்தது என்று தேடினேன், தகரம் முழுத் தகரமாக இருந்தது. மதியத்து வெயில் இரண்டின் மேலும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது, ஒரு விளிம்புகூடத் தெரியவில்லை. காலையிலிருந்து நான் எதைப் பார்த்துக் கலக்கினேன் என்று புரிந்துவிட்டது. இவ்வளவு சரியாக நான் எந்த வண்டிக்கும் நிறம் சேர்த்ததில்லை.

என் கையிலிருந்த தகரத்தை மெதுவாக விலக்கினாள். கிடந்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"தெரிஞ்சுருச்சுங்களா?"

"எப்ப இருந்து?"

"உங்களுக்குக் கட்டுப் பிரிக்கறதுக்கு முந்துன நாளு கண்ணாடியில பார்த்தேனுங்க. இன்னொரு கண்ணும் முடிஞ்சுரட்டும்னு இருந்தேன். சொன்னா நீங்க அந்தக் கண்ணை அப்படியே போட்டுருவீங்க."

"பொதினாவா அரைச்ச?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்கண்ணனுக்கும் அதைத்தான புள்ள அரைச்சுக் குடுத்தோம்," என்றேன். கத்தியிருக்க வேண்டும், ஸ்டீபனின் சுத்தியல் சத்தம் நின்றது. எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை. ஒரு மாதமாக என் இடது பக்கத்தில் நின்று தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள், நான் அவளைப் பற்றி உருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அண்ணனுக்கு வந்ததே எனக்கும் வரோணும்னு இருக்குதுங்களா?" என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள், பதில் என்னிடம் இருக்கும் என்று நம்பிக் கேட்ட மாதிரி இருந்தது.

டப்பாக்களை மூடினேன். கையை தின்னர் தொட்டுத் துடைத்தேன். போன் மறுபடியும் அடித்தது, கோவர்த்தனன்தான், அது அடித்து ஓயட்டும் என்று, வாசலுக்கு வந்து நின்ற ஸ்டீபன் கையில் கொடுத்தேன். ஷட்டரை நான் பார்த்துக்கறேன் போங்கண்ணா என்றான். கொக்கியில் கதவு சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து ஸ்டாண்டு எடுத்தேன். அவள் தூக்குப்போசியோடு வழக்கம்போல இடது பக்கம் வந்து ஏறப் போனாள்.

"இக்கட்ட வா," என்றேன்.

"ஏறறதுக்கு இந்தப் பக்கந்தானுங்க வாகு."

"ஏற வேண்டாம். சும்மா வந்து நில்லு."

வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றாள். தயங்கித் தயங்கி முகத்தை நிமிர்த்தி நேராகப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு தெளிவாக அவள் முகத்தை நான் பார்த்துப் பல வருஷம் இருக்கும். மூக்குத்தி ஓரத்தில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது, அதை மறந்தே போயிருந்தேன்.

"ரொம்ப மஞ்சளாவாங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"ரொம்ப இல்ல," என்றேன். நிறத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.